திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது யார்? ஆன்லைன் தெரபிக்குப் பணம் கட்டும் முன்...

இரவு ஒன்பதரை மணி. ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங். இன்ஜின் அணைத்த காருக்குள், ஸ்டீயரிங் மீது போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே ஏழாவது மாடியில் மாமியார் சீரியல் பார்க்கிறார், கணவர் ஆபீஸ் காலில் இருக்கிறார், ஆறு வயதுப் பையன் தூங்க மறுத்து அடம்பிடிக்கிறான். "இன்னிக்கும் அவனை அடிச்சிட்டேன்" என்கிறார் அவர். சிக்னல் போய்விட்டு வருகிறது. "சாரி, கடைசியா சொன்னது கேக்கல, திரும்பச் சொல்றீங்களா?" என்கிறது திரை. அந்த ஒரு வரியை முதல் தடவை சொல்வதற்கே அவருக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

கற்பனைக் காட்சிதான். ஆனால் நகரத்தில் வேலை பார்க்கும் பலருக்கு அந்த கார் எங்கே நிற்கிறது என்று தெரியும். சிலருக்கு அது மொட்டை மாடி, சிலருக்கு ஆபீஸில் காலியாகக் கிடக்கும் மீட்டிங் ரூம், சிலருக்கு பி.ஜி. ஹாஸ்டல் படிக்கட்டு. கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த ஆன்லைன் தெரபி, ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. அப்பாயின்ட்மென்ட்டுக்கு அரை நாள் லீவு வேண்டாம், கிளினிக் வரவேற்பறையில் தெரிந்தவர் யாரையாவது பார்த்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான பிரச்சினைகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். அந்த நிலையில், காருக்குள் உட்கார்ந்தாவது ஒருவர் பேசுகிறார் என்பது நல்ல விஷயம்தான்.

இதில் எல்லாரும் முதலில் கேட்பது, "வீடியோல பேசினா சரியாகிடுமா?" என்பதுதான். இதற்கு ஓரளவு பதில் வந்துவிட்டது. சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை நேரில் கொடுத்தாலும் இணையம் வழியே கொடுத்தாலும், பதற்றம், மிதமான மனச்சோர்வு போன்றவற்றில் பலன் பெரிதாக வேறுபடுவதில்லை என்று, குறிப்பாக சுவீடனில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு நிபந்தனை உண்டு: ஒரு மனிதர் கூடவே இருந்து வழிநடத்த வேண்டும். ஆப்பைக் கையில் கொடுத்து "நீங்களே செஞ்சுக்கோங்க" என்று விட்டால் பாதியில் நிறுத்திவிடுவோர் அதிகம். ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டிய கதைதான்.

திரை வழி மனநலச் சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஆலோசனை அறையாக மாற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்காருவார், சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார், மருந்தையும் பஸ்ஸிலேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே திரையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. திரையில் தெரிபவர் எந்த மருத்துவர், எந்த நிறுவனம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நோயாளியையும் ஊரையும் தெரிந்த களப்பணியாளர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார்.

இன்றைய ஆப்களில் காணாமல் போயிருப்பது இந்த இரண்டும்தான். "வீடியோ வேலை செய்யுமா?" என்ற கேள்வியை ஓரம் கட்டிவிட்டு, "அந்தப் பக்கம் இருப்பது யார்?" என்று கேட்க வேண்டிய நேரம் இது.

அந்த 50 நிமிடத்தில் என்ன நடக்கும்?

யார் என்று கேட்பதற்கு முன், அவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால்தான் ஆளை எடைபோட முடியும். தெரபி என்றால் ஆறுதல் சொல்வது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. "தைரியமா இருங்க, எல்லாம் சரியாகிடும்" என்பதை சித்தப்பாவே இலவசமாகச் சொல்லிவிடுவார்.

ஓர் ஐ.டி. ஊழியர். மேனேஜரிடமிருந்து "குயிக் கால்?" என்று ஒரு மெசேஜ் வருகிறது. உடனே மனதில் ஓடுவது: "வேலை போச்சு." நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஸ்டேட்டஸை 'அவே' என்று மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பொறி. தப்பித்துக்கொண்டால் பயம் குறைகிறது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அதே மெசேஜ் வரும்போது பயம் இன்னும் பெரிதாக வருகிறது. ஆறு மாதத்தில் அந்த நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் நிலை.

தேர்ந்த தெரபிஸ்ட் இங்கே அறிவுரை சொல்ல மாட்டார். எழுதச் சொல்வார். எந்த நேரம், என்ன மெசேஜ், என்ன நினைத்தேன், உடம்பில் என்ன நடந்தது, என்ன செய்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டை வைத்துக்கொண்டு கேட்பார்: "இதுவரைக்கும் வந்த கால்ல எத்தனை கால் உங்க வேலை சம்பந்தமா இருந்துச்சு?" பெரும்பாலும் யாரோ ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். அடுத்து சின்னச் சின்னப் பரிசோதனை. இந்த வாரம் ஒரு காலையாவது ஐந்து நிமிடத்துக்குள் எடுப்பது. அடுத்த வாரம் தானே கூப்பிடுவது. இப்படி ஒழுங்காகப் போனால் பதற்றத்துக்கான சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களில் ஒரு கட்டத்தை எட்டும். இதற்கு வீட்டுப்பாடம் உண்டு, முடிவும் உண்டு. இரண்டும் இல்லாமல் வாரா வாரம் "எப்படி இருந்துச்சு இந்த வாரம்?" என்று மட்டும் போய்க்கொண்டிருந்தால், அது காசு கொடுத்துப் பேசும் அரட்டை.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் நம்பர்கூட இல்லை

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். தெரபி ஆப்பில் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் என்ன இருக்கிறது? சிரித்த முகம், நட்சத்திர மதிப்பீடு, 'பரிவு மிக்கவர்' என்று ஒரு வரி, பேசும் மொழிகள், காலியாக உள்ள நேரம். பதிவு எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பல இடங்களில் தேடினாலும் இல்லை.

இந்தத் துறையில் யார் யார் என்பதில் மெத்தப் படித்தவர்களுக்கே குழப்பம் இருக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுவார். மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். நோயை மதிப்பிட்டு, பேச்சு வழியில் சிகிச்சை தருபவர். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். முதுகலைக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு எம்.ஃபில். என்பதுதான் நீண்ட காலம் இதற்கான வழியாக இருந்தது.

சிக்கல் இதற்குக் கீழே தொடங்குகிறது. 'கவுன்சலர்', 'தெரபிஸ்ட்', 'வெல்னஸ் கோச்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறை. எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவரும் கவுன்சலர்தான். வார இறுதி சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் கவுன்சலர்தான். ஆப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருப்பார்கள். கட்டணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2021-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத உளவியலாளர்களும் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். ஆனால் மாநில கவுன்சில், பதிவேடு என்று அது தரையிறங்கும் வேகம் ஆமை வேகம். உச்ச நீதிமன்றம் 2024-ல் தலையிட்டு, மாநிலங்களைச் செயல்படச் சொல்ல வேண்டியிருந்தது. பதிவேடு முழுதாக வரும்வரை கம்பெனிகள் காத்திருக்கத் தேவையில்லை. ஒருவர் எங்கே படித்தார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறார், பதிவே இல்லையென்றால் இல்லை என்பதை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் போடுவதற்கு ஒரு நாள் கோடிங் போதும். செய்யாமல் இருப்பது அவர்களாக எடுத்த முடிவு.

அதுவரை, வேலை வாடிக்கையாளர் தலையில்தான். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பதிவு செய்தவர்களின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேடு இருக்கிறது. முதல் அமர்விலேயே "எங்க படிச்சீங்க? உங்க ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன? என்னை மாதிரி பிரச்சினையை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காகப் படித்தவருக்கு இதைச் சொல்வதில் சங்கடம் இருக்காது. கோபப்பட்டாலோ பேச்சை மாற்றினாலோ, பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டம் இருந்தால் நல்ல தெரபிஸ்ட் என்று அர்த்தமில்லை, உண்மைதான். லைசென்ஸ் வைத்திருப்பவரெல்லாம் நன்றாக வண்டி ஓட்டுவதில்லை. அதற்காக லைசென்ஸே இல்லாதவர் பின்னால் உட்கார யாரும் சம்மதிப்பதில்லையே.

விற்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். இலவச 'மன ஆரோக்கிய டெஸ்ட்' என்று ஆரம்பிக்கும். ஏழே கேள்வி. பெரும்பாலும் அது ஜி.ஏ.டி.-7 என்ற வினாத்தாளாக இருக்கும். மொத்தம் 21 மதிப்பெண், 10-ஐத் தொட்டால் ஒரு நிபுணர் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நோய் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. ஆனால் திரையில் சிவப்பு எழுத்தில் 'உங்கள் பதற்றம் தீவிரம்' என்று வரும். அதற்குக் கீழேயே '10 அமர்வு பேக்கேஜ், இன்று மட்டும் தள்ளுபடி' என்று ஒரு பட்டன். பயந்துபோய் இருப்பவரிடம் பயத்தைக் காட்டி விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஓர் அமர்வுக்கு மட்டும் பணம் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பர்ஸுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

"பையனுக்குக் கவுன்சலிங் கொடுங்க"

ஆன்லைன் தெரபியில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது குழந்தை வளர்ப்பு தொடர்பான ஆலோசனைதான். பெற்றோர் வருவதே ஒரு கோரிக்கையோடு: "போனை வாங்கினா கத்துறான், பொருளைத் தூக்கி எறியறான். அவன்கிட்ட கொஞ்சம் பேசுங்களேன்." ஆறு வயதுப் பையனை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். பையன் ஐந்து நிமிடத்தில் சுழலும் நாற்காலியில் சுற்றத் தொடங்குவான். ஸ்கிரீன் அதிகமாகிவிட்டது என்ற புகாருக்குத் தீர்வாக இன்னும் ஒரு ஸ்கிரீன்!

விஷயம் தெரிந்தவர் சொல்லும் முதல் வார்த்தை இப்படி இருக்கும்: "அவன் இப்போதைக்கு வேண்டாம். நீங்களும் அவங்க அப்பாவும் வாங்க." பெற்றோருக்கு இது அடி விழுந்த மாதிரி இருக்கும். "அப்போ தப்பு எங்க மேலயா?" என்று தோன்றும். தப்பு யார் மேல் என்ற கணக்கே இல்லை இது. சின்னக் குழந்தையின் நடத்தைப் பிரச்சினைகளில், அந்தக் குழந்தையோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசும் வெளியாளை விட, நாள் முழுக்கக் கூட இருப்பவர்களால்தான் மாற்றம் கொண்டுவர முடியும். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவும் குழந்தைகளும் ஒருவரோடு ஒருவர் எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று பல ஆண்டுகள் கவனித்தார். அவர் கண்டது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அம்மா போனை வாங்குகிறார். பையன் கத்துகிறான். அம்மா மிரட்டுகிறார். அவன் இன்னும் கத்துகிறான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா, "எடுத்துத் தொலை" என்று போனைக் கொடுத்துவிடுகிறார். வீடு அமைதியாகிறது. பையன் கற்றுக்கொண்டது: போதுமான அளவு கத்தினால் கிடைக்கும். அம்மா கற்றுக்கொண்டது: கொடுத்தால் அமைதி கிடைக்கும். இருவருக்கும் பரிசு கிடைத்துவிட்டது. அதனால் நாளைக்கும் இதேதான் நடக்கும், இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஒரு நாள் அம்மா கொடுக்காமல் கை ஓங்குவார். அன்றைக்கு அவன் பயந்து அடங்குவான். அடிக்கும் பழக்கமும் அதே வழியில்தான் வேர்பிடிக்கிறது. அதுவும் உடனே வேலை செய்வது போலத் தெரிவதால்.

பார்க்கிங்கில் பேசிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு, "குழந்தைகளை அடிக்கக் கூடாதுங்க" என்ற உபதேசம் தேவையில்லை. அது தெரிந்துதான் அழுகிறார். எந்த நேரத்தில் நடக்கிறது, அதற்கு முன் பத்து நிமிடம் என்ன நடந்தது, வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று கேட்பவர்தான் அவருக்குத் தேவை. கேட்டுப் பார்த்தால், அது எப்போதும் இரவு ஒன்பது மணிக்குத்தான், அவர் சாப்பிடாமல் இருக்கும் நாளில்தான் என்பது போன்ற ஒரு விஷயம் வெளியே வரும். பிறகு திட்டம் போட வேண்டும். போன் எட்டு மணிக்கு முடியும், அதை அலாரம் சொல்லும், அம்மா சொல்லத் தேவையில்லை. தினம் பத்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டை அவனோடு விளையாடுவது, அந்த நேரத்தில் எந்த அதட்டலும் இல்லை. அலாரம் அடித்ததும் கொடுத்துவிட்டால், "சமத்து" என்று பொதுவாகச் சொல்லாமல், "அலாரம் அடிச்ச உடனே கொடுத்துட்டியே" என்று குறிப்பாகப் பாராட்டுவது. கத்தினால் கொடுப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை.

இதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லாத தெரபிஸ்ட்டை நம்பிப் பயனில்லை. முதல் சில நாள் கத்தல் குறையாது, கூடும். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், பையன் அதையே இன்னும் வேகமாக முயற்சி செய்து பார்ப்பான். லிஃப்ட் வராவிட்டால் பட்டனைப் பத்து தடவை அழுத்துவது மாதிரி. பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது நாள் பாட்டி, "பாவம் புள்ள, தொண்டை கட்டிடும்" என்று தன் போனைக் கொடுத்துவிடுவார். திட்டம் அங்கேயே முடிந்தது. அதனால்தான் பாட்டியும் ஓர் அமர்வுக்கு வர வேண்டும்.

இங்கேதான் ஆன்லைன் நேரில் பார்ப்பதையே தோற்கடிக்கிறது. கிளினிக்குக்கு மாமியாரை அழைத்துப் போவது நடக்காத காரியம். வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி இருபது நிமிடம் பேச அவர் சம்மதிக்கலாம். துபாயில் இருக்கும் அப்பா அங்கிருந்தே சேர்ந்துகொள்ளலாம். சண்டை நடக்கும் அந்த ஹால், அந்த சாப்பாட்டு மேஜை எல்லாமே தெரபிஸ்ட் கண்ணில் படும்.

திரை உதவாத இடமும் உண்டு. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் வீடியோ காலில் வாரங்களைக் கடத்தக் கூடாது. குழந்தையை நேரில் பார்க்க வேண்டும், காது கேட்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்கும் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் கதை வேறு. அவர்களுக்குத் தனியாகப் பேச இடம் வேண்டும். "என்ன பேசினான்னு சொல்லுங்க, ஃபீஸ் நாங்கதானே கட்டறோம்" என்று கேட்கும் அப்பா, அடுத்த அமர்வுக்கே மகன் வராமல் போவதற்கு வழி செய்கிறார். எதைப் பெற்றோரிடம் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்பதை முதல் நாளே மூவரும் சேர்ந்து பேசிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டியது தெரபிஸ்ட்டின் கடமை.

சொன்னது எங்கே போகும்?

2023-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம், உலகின் பெரிய ஆன்லைன் தெரபி நிறுவனங்களில் ஒன்றான பெட்டர்ஹெல்ப் மீது நடவடிக்கை எடுத்தது. தனியாகவே இருக்கும் என்று வாக்குறுதி கொடுத்து வாங்கிய மின்னஞ்சல் முகவரி, தெரபிக்காகப் பதிவு செய்தார்கள் என்ற தகவல் போன்றவற்றை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்துகொண்டது என்பது புகார். 78 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமல்.

தெரபிஸ்ட் ரகசியம் காப்பார், ஆப் காக்குமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவருக்கு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் 'ஐ அக்ரி' பட்டனை அழுத்தும் வேகத்தில் எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அமர்வு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகளை யார் பார்க்க முடியும், கணக்கை நீக்கினால் அவையும் போகுமா என்று ஒரு மெயில் அனுப்பிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி இலவசமாகத் தரும் கவுன்சலிங் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: ஹெச்.ஆருக்கு என்ன போகும்? மொத்தம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போனால் சரி.

இரவு இரண்டு மணிக்கு ஏ.ஐ. சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசுபவர்களும் பெருகிவிட்டார்கள். 1966-லேயே எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற எளிய புரோகிராம், சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அதோடு பேசிக்கொண்டிருந்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லி அவரையே கேட்டுக்கொண்டாராம். இன்றைய பாட்கள் அதைவிடப் பல மடங்கு இனிமையாகப் பேசுகின்றன. ஆனால் ஆறு மாதம் பேசினாலும் "இந்த விஷயத்தை நேர்ல ஒரு டாக்டர் பார்க்கணும்" என்று பொறுப்பெடுத்துச் சொல்லி, அடுத்த நாள் போன் செய்து போனீர்களா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

காசு இல்லாதவர்கள்?

வாரம் ஒரு அமர்வு, ஆயிரம் ரூபாய்க்கு மேல். மாதக் கணக்குப் போட்டால் ஒரு பைக் இ.எம்.ஐ. மனநோயையும் உடல் நோயைப் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். தெரபிக்காக யாரும் படுப்பதில்லை. சட்டத்தின் வாசகம் நிறைவேறிவிட்டது, அதன் நோக்கம் வெளியே நிற்கிறது.

14416 என்ற எண் பலருக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பு போகும். ஒரே தெரபிஸ்ட்டிடம் வாரா வாரம் தொடரும் சிகிச்சையாக அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு முதல் கதவாக அது போதும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார வேண்டும், கூட்டம் இருக்கும், ஐந்து நிமிடத்தில் பேசி அனுப்பவும் செய்வார்கள். ஆனால் அங்கே இருப்பவர் யார் என்ற சந்தேகம் மட்டும் இருக்காது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னாலோ, ஆப்பில் வியாழக்கிழமை ஸ்லாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. 14416 உண்டு, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050 உண்டு, ஆபத்து என்றால் 108 உண்டு, எந்த அரசு மருத்துவமனை அவசரப் பிரிவும் உண்டு. வீட்டுக்குள் அடி உதை நடக்கிறது, பேசுவதை ஒட்டுக்கேட்க ஆள் இருக்கிறது என்றாலும் வீடியோ அமர்வு ஆபத்தில் முடியலாம். வெளியே ஓர் அறை தேவை.

ஆகவேதான், பொறுப்புள்ள தெரபிஸ்ட் முதல் நாளே இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்வார். "இப்போ எந்த இடத்துல இருந்து பேசறீங்க? ஏதாவது அவசரம்னா நான் யாருக்குக் கூப்பிடணும்?" புதுக்கோட்டை பஸ் பக்கத்தில் நின்ற களப்பணியாளரின் இடத்தை நிரப்ப இன்றைக்கு இருப்பது இந்த இரண்டு கேள்விதான். பேஸ்மென்ட்டில் கார் நிற்கும் இடம் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நான்கு அமர்வு போன பிறகும் ஒட்டவில்லை என்றால், பலர் செய்வது போல அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை சத்தமில்லாமல் கேன்சல் செய்துவிட்டு, "தெரபியெல்லாம் எனக்கு செட் ஆகாது" என்று முடிவு கட்டத் தேவையில்லை. அவரிடமே சொல்லலாம்: "எனக்கு இது உதவற மாதிரி தெரியல." கேட்டதும் முறையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. தன்னை விடப் பொருத்தமான ஒருவரின் பெயரை எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு.